பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்

டிரெய்லர் ஓட்டப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கு நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். ஓர் இடத்தில் உட்கார்ந்து எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. இதை ஆரம்பித்ததிலிருந்து மூன்று முறை எழுந்து வாசல் வரை போய் வந்துவிட்டேன். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த உடம்புக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். போன மாதம் உங்களில் ஒருவர் என்னிடம் வந்தார். வண்டி கவிழ்ந்து ஆறு வாரம் ஆயிற்றாம். "அண்ணே, டிரெய்லரைப் பார்த்தாலே கை நடுங்குது. எப்போ சரியாகும்?" என்றார். "போகப் போகச் சரியாயிடும் தம்பி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது பொய். போகப் போக எனக்குச் சரியாகவில்லை, மோசமாகத்தான் ஆயிற்று. எப்படிச் சரியாயிற்று என்று சொல்ல வேண்டுமானால் நான் செய்த ஓர் அயோக்கியத்தனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அதற்கு வாய் வரவில்லை. அந்தத் தம்பி இதைப் படித்தால் நல்லது.

நான் கரக்பூரில் பிறந்தவன். காட்பாடிப் பக்கத்திலிருந்து போன குடும்பம். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் இந்தி, சண்டைக்கு வங்காளம் என்று வளர்ந்தேன். பத்து வருஷம் லாரி ஓட்டினேன். பிறகு எழுபதுகளின் நடுவில் கல்கத்தாவுக்கு வந்து, கித்தர்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கனமான சாமான்களை ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் டிரெய்லருக்கு மாறினேன். லாரியில் பத்து வருஷம் என்றால் சாலையில் எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வரும். எனக்கும் வந்தது.

உங்கள் வண்டிகளில் இப்போது என்னென்னவோ இருக்கிறது. அப்போது இருந்தது இவ்வளவுதான்: முன்வண்டிக்கும் டிரெய்லருக்கும் பொதுவாகக் காலில் ஒரு பிரேக், டிரெய்லரை மட்டும் பிடிக்க ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கை லீவர். இறக்கத்தில் முதலில் லீவர், அப்புறம்தான் கால். வாலைப் பிடித்துக்கொண்டால் தலை நேராகப் போகும். காலை மட்டும் மிதித்தால் தலை முந்திப் பிடித்துக்கொள்ளும்; பின்னால் இருக்கிற இருபது டன்னும் நிற்க மனமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்து வண்டியை மடக்கிவிடும். இதை எனக்குச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். வாயால் கேட்டால் தூக்கத்தில்கூட ஒப்பித்திருப்பேன்.

மழைக்காலத்தில் ஒரு பகல், மணி இரண்டு இருக்கும். இரும்புத் தகடுகளோடு ஒரு மேம்பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே டிராம் தண்டவாளம் நனைந்து பளபளத்தது. பாலம் முடிகிற இடத்தில் ஒரு கைரிக்‌ஷாக்காரர் இரண்டு பள்ளிக்கூடப் பெண்களை வைத்து இழுத்துக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார். லாரிக்காரனின் கால் முந்திக்கொண்டது. மிதித்தேன். முன்வண்டி தண்டவாளத்தில் வழுக்கியது. அடுத்த நொடி கண்ணாடியில் என் டிரெய்லரே எனக்கு எதிரே வந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். அது பக்கவாட்டில் வீசி, ஓரத்தில் இருந்த ஒரு பான் பெட்டிக் கடையைத் துடைத்துக்கொண்டு போய் விளக்குக் கம்பத்தில் நின்றது. ரிக்‌ஷாவும் பெண்களும் தப்பினார்கள். கடைக்காரர் சாப்பாட்டுக்காகக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய தொடை எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் பிறகு சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் டியூட்டி பாபு பேனாவைத் திறந்துகொண்டே, "பிரேக் ஃபெயில்தானே?" என்றார். நான் வாயைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தலையை ஆட்டினேன்.

நம் தொழிலில் இது ஒரு வழக்கம், உங்களுக்கும் தெரியும். எந்த விபத்தானாலும் முதல் வார்த்தை பிரேக் ஃபெயில். லைசென்ஸ் தப்பும், வேலை தப்பும். வண்டி எழுந்து வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. சக டிரைவர்களே ஸ்டேஷன் வாசலில் காதில் ஓதி அனுப்புவார்கள். மறுநாள் கம்பெனியிலும் என் கைப்பட எழுதிக் கொடுத்தேன்: பிரேக்கை அழுத்தினேன், பிடிக்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்று தோன்றவில்லை. வண்டிக்கு வாய் இல்லாவிட்டாலும் அந்த வண்டிக்குப் பிரேக் பார்த்த ஒரு மனிதர் இருந்தார். அவர் பெயர் வேண்டாம். கம்பெனியில் எல்லோரும் அவரை மிஸ்திரிதா என்போம், மெக்கானிக் அண்ணா என்கிற மாதிரி. ஐம்பது வயது. பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர். பிரேக் என்றால் அந்தத் துறைமுகம் முழுக்க அவரைத்தான் கேட்பார்கள். விபத்தான டிரெய்லரை இழுத்து வந்ததும் அவர் எல்லாச் சக்கரத்தையும் கழற்றி, பாகங்களைச் சாக்கில் பரப்பி வைத்து, ஒரு குறையும் இல்லை என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். மேனேஜர், "ஓட்டினவன் பிடிக்கலைங்கறான். காலைல பார்த்து அனுப்பினது நீ" என்று சொல்லி, அவரைப் பிரேக் வேலையிலிருந்து எடுத்து டயர் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். பஞ்சர் ஒட்டவும் காற்றடிக்கவும்.

அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வரும்போது கையிலிருக்கிற டயரைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான்.

பதினைந்து நாள் ஓய்வு கொடுத்தார்கள். திரும்பி வந்த முதல் நாள் டிரெய்லர் மாட்டி, காலி வண்டியாகத்தான், கேட் வரை ஓட்டினேன். கேட்டுக்கு வெளியே லேசான ஓர் இறக்கம். அங்கே கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. கிளட்ச் சரியில்லை என்று சொல்லித் திருப்பிக்கொண்டு வந்தேன். மறுநாள் வயிற்று வலி. அதற்கு மறுநாள் உண்மையாகவே வயிற்று வலி. மற்ற டிரைவர்கள் நல்லவர்கள், சுற்றி நின்று தைரியம் சொன்னார்கள். "பிரேக்குக்குப் புது லைனிங் போட்டாச்சு. இப்போ மலையில கூட நிக்கும். எதுக்குப் பயப்படறே?" என்றார்கள். பிரேக் அன்றைக்கும் நன்றாகத்தானே இருந்தது? பிரேக்கை மாற்றிவிட்டார்கள். காலை யார் மாற்றுவது?

ஒரு வாரத்தில் என்னைச் சின்ன லாரிக்கு மாற்றிவிட்டார்கள். கரியாஹாட், பாலிகஞ்ச் பக்கம் பம்பு செட்டு, குழாய் கொண்டுபோய்ப் போடுகிற வேலை. வால் இல்லாத வண்டி. இருந்தும் நிமிஷத்துக்கு ஒரு தரம் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் திரும்பிப் பார்ப்பேன். சாப்பிடும்போது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பான் கடைக்காரர் இருந்த ரோட்டை விட்டு ஒரு மைல் சுற்றிப் போவேன்.

துர்கா பூஜைக்குப் புடவை எடுக்க சரோஜாவோடு கரியாஹாட் போனேன். சரோஜா என் மனைவி. அவளும் காட்பாடிப் பக்கம்தான். கல்யாணமாகி வந்து எட்டு வருஷத்தில் வங்காளத்தில் பேரம் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள், ஆனால் என்னைத் திட்டுவது தமிழில்தான். நடைபாதைக் கடைகளுக்கு நடுவே போகும்போது சட்டென்று நின்றாள்.

"யாரத் தேடுறீங்க?"

"யாரையும் இல்லையே."

"பத்தடிக்கு ஒரு வாட்டி திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க. போலீசு தொரத்துறாப்பல. பிரேக்குதான போச்சு? உங்க மேல இன்னா தப்பு? அதையே நெனச்சிகினு..."

"பிரேக்கு பிரேக்குன்னு எல்லாரும் ஏன்டி உயிர எடுக்கறீங்க?" என்று கத்திவிட்டேன். புடவைக்காரர், அவரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சரோஜா பார்க்கவில்லை. கையில் எடுத்த புடவையை மடித்து வைத்தாள். டிராம் நிறுத்தம் வரை எனக்கு முன்னால் நடந்தாள். அங்கே நின்று, மெதுவாக, "அப்ப பிரேக்கு போவலையா?" என்றாள்.

நான் டிராம் வருகிறதா என்று பார்த்தேன்.

"அந்த மிஸ்திரி வூட்டுல எத்தினி பேரு?" என்றாள்.

எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. அன்றைக்குப் புடவை எடுக்காமலே வீடு திரும்பினோம்.

அந்த வாரம்தான் பாலிகஞ்ச் பக்கம் ஒரு சப்ஸ்டேஷனில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. அந்த வருஷங்களில் கல்கத்தாவில் கரண்டு இருந்தால்தான் செய்தி. அதிலும் துர்கா பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பகுதி முழுக்க இருட்டு என்றால் ஊர் சும்மா விடுமா? மாற்று டிரான்ஸ்ஃபார்மர் துறைமுகத்தில் கிடந்தது. நாற்பது டன். தாழ்வான மேடை போட்ட பெரிய டிரெய்லரில்தான் எடுத்துப் போக முடியும். அதை ஓட்டுகிற மூத்த டிரைவருக்கு மஞ்சள் காமாலை. அவரை விட்டால் அந்த டிரெய்லரில் கை வைத்தவன் நான் ஒருவன்.

மேனேஜர் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். "முருகேஷ், ஓட்டறியா? இல்லே ஆயுசு முழுக்கப் பம்பு செட்டுதானா? யோசிச்சுச் சொல்லு. மாட்டேன்னா நான் வேற டிரைவரை வேலைக்கு எடுக்கணும்." அவர் பேசியது வங்காளமும் இந்தியும் கலந்து. நான் தமிழில் எழுதுகிறேன். "ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் யார்டுக்குள்ளேயே இரும்புக் கட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். எடைமேடைக்குப் போகிற வழியில் ஒரு சரிவு உண்டு. மூன்று தடவை சரிவின் தலையில் போய் நின்று, மூன்று தடவையும் பின்னால் எடுத்துவிட்டேன். பிரேக்கைச் சோதித்துப் பார்த்தால் கச்சிதமாகப் பிடித்தது. பிடிக்காமல் போயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். நான்காவது தடவை வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கி நேராக டயர் கொட்டகைக்குப் போனேன். யோசித்துப் போனேன் என்று பெருமையாகச் சொல்ல மாட்டேன். கால் கொண்டுபோய் விட்டது.

மிஸ்திரிதா கவிழ்த்துப் போட்ட டயர் மேல் உட்கார்ந்து பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸ்திரிதா, அன்னிக்குப் பிரேக் நல்லாத்தான் இருந்தது."

"தெரியும்."

"நான்தான் லீவரைப் பிடிக்காம..."

"அதுவும் தெரியும். பிரேக் நல்லா இருந்தா மிச்சம் இருக்கறது நீ ஒருத்தன்தானே, மாத்ராஜி?" கல்கத்தாவில் தெற்கத்திக்காரன் எல்லோரும் மாத்ராஜிதான்.

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லியிருப்பே. ஒண்ணு போதும்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்குக் கோபம் வந்தது. நாலு மாதத்தில் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"அரே பாபா, என்கிட்ட எதுக்கு அழறே? எனக்குத் தெரிஞ்ச சங்கதியை எனக்கே சொல்லி என்ன ஆகப்போகுது? தெரியாதவன் மாடியில உக்காந்திருக்கான். அங்க போய் அழு." பொரியை உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். "அதுக்கு முன்னாடி, அன்னிக்கு என்ன நடந்ததுன்னு வரிசையாச் சொல்லு. பாலத்து உச்சியிலேருந்து. எதையும் தாண்டாதே."

சொன்னேன். உச்சியில் எந்தக் கியர், எந்த வேகம், ரிக்‌ஷாவை எங்கே பார்த்தேன். "பார்த்ததும் என்ன பண்ணினே?" என்றார். மிதித்தேன் என்றேன். "கால் சரி. கை எங்க இருந்தது?" என்றார்.

கை. அதுவரை நான் கையை நினைத்துப் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பாலத்து உச்சியிலிருந்தே கை ஹாரனில் இருந்தது. விலகு விலகு என்று அடித்துக்கொண்டே இறங்கியிருக்கிறேன். லீவரில் இருக்க வேண்டிய கை ஹாரனில் இருந்தது. கை அங்கே மாட்டிக்கொண்டதால்தான் கால் முந்திக்கொண்டது.

"அதுதான்" என்றார் மிஸ்திரிதா. "இறக்கத்துல ஹாரனைத் தொடாதே. ஹாரன் அடிச்சா வண்டி நிக்காது." சொல்லிவிட்டுப் பொரியைத் தொடர்ந்தார்.

தம்பிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நாலு மாதமாக நான் பயந்தது எதைப் பார்த்து என்று எனக்கே தெரியாமல் இருந்தது. ஊருக்கெல்லாம் பிரேக் பிரேக் என்று சொல்லிச் சொல்லி, என் கை எங்கே இருந்தது என்பதையே மறந்துபோயிருந்தேன். பொய்யை மற்றவர்களுக்காகத்தான் சொல்கிறோம். ஆனால் அதை முதலில் நம்பி ஏமாறுவது நம் கையும் காலும்தான். எங்கே தப்பு என்று தெரிந்தால் அதைத் திருத்தலாம். தெரியாத தப்புக்கு உடம்பு முழுக்க நடுங்கும். என் உடம்பு அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

மாடிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கேஸ் மூடியாச்சு. ரிப்போர்ட் மேலே போயாச்சு. நாலு மாசம் கழிச்சு எதுக்கு இது?"

"மிஸ்திரிதா மேல இருக்கிற பழியை எடுக்கணும் சார்."

"நீ இதை எழுதிக் கொடுத்தா, டிரான்ஸ்ஃபார்மரை உன் கையில எப்படிக் கொடுப்பேன்? தப்பு என் மேலதான்னு சொல்ற டிரைவர்கிட்டயா நாப்பது டன்னைக் கொடுக்கச் சொல்றே?"

அதை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் நேராகிவிடும் என்று ஒரு அசட்டு நம்பிக்கையோடு படி ஏறியிருந்தேன். டிரெய்லர் இல்லாவிட்டால் அந்தக் கம்பெனியில் நான் பம்பு செட்டு லாரிக்காரன்தான், அதுவும் எத்தனை நாளைக்கோ. ஜன்னல் வழியாகக் கீழே டயர் கொட்டகை தெரிந்தது. காகிதம் கேட்டேன். நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். மேனேஜர் அதைப் படிக்காமல் டிராயருக்குள் தள்ளினார்.

மறுநாள் காலை என்னையும் மிஸ்திரிதாவையும் சேர்த்துக் கூப்பிட்டனுப்பினார். மின்சாரக் கம்பெனி இன்ஜினியர், பிரேக் தெரிந்த ஆள் ஒருவர் டிரெய்லரைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் டிரான்ஸ்ஃபார்மரை ஏற்ற விடுவேன் என்று சொல்லிவிட்டாராம். துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் இவர் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மிஸ்திரிதா கையைக் கட்டிக்கொண்டார். "நான் டயர்காரன் சார். உங்க ஃபைல்ல அப்படித்தான் இருக்கு. இவன் நேத்து ஏதோ எழுதிக் கொடுத்தானாமே, அது அந்த ஃபைலுக்குள்ள போனா நான் மறுபடி பிரேக்குக்காரன் ஆயிடுவேன்."

மேனேஜர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிராயரைத் திறந்தார். காகிதம் ஃபைலுக்குள் போனது. "சரி, இப்போ யார் ஓட்டறது?" என்றார் எரிச்சலாக.

"இவன்தான்."

"தப்பு தன் மேலன்னு அவனே எழுதியிருக்கானே!"

"இவன் எங்க தப்புப் பண்ணுவான்னு எனக்குத் தெரியும். புதுசா ஒருத்தனைக் கொண்டுவந்தா அவன் எங்க பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மிஸ்திரிதா. பிறகு என்னைப் பார்க்காமலேயே, "ஆனா நானும் கேபின்ல உக்காருவேன். இவன் வண்டிக்கு நான் கையெழுத்துப் போட்டு ஒரு தடவை பட்டாச்சு. இந்தத் தடவை இவன் கை எங்க போகுது, கால் எங்க போகுதுன்னு என் கண்ணால பார்க்கணும்."

நட்பாகிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் என்னை நம்பவில்லை. அதைத்தான் மேனேஜர் முன்னால் வெளிப்படையாகச் சொன்னார்.

பெரிய வண்டிகளை அந்த ஊரில் ராத்திரியில்தான் விடுவார்கள். ஆனால் கரண்டு இல்லாத தெருவில், ரோட்டை அடைத்துப் பூஜைப் பந்தல் மூங்கில் நிற்கும்போது, இருட்டில் போனால் எதன் மேல் ஏறுவோம் என்று சொல்ல முடியாது. அதனால் விடிந்ததும் கிளம்பி ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று போலீசில் அனுமதி கொடுத்தார்கள். முன்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு சார்ஜென்ட். டிரெய்லர் மேல் நாலு கூலியாட்கள். கேபினில் நானும் மிஸ்திரிதாவும்.

அவர் சொன்னபடியே செய்தார். ரோட்டைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலையும் கையையும் பார்த்துக்கொண்டே வந்தார். பரீட்சை ஹாலில் வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றுகொண்டால் எழுத வருமா? அதே பாலம் வந்தது. வேறு வழி இல்லை, அந்தப் பக்கம் எடை தாங்கும் பாலம் அது ஒன்றுதான். உச்சியில் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, சின்னக் கியர் போட்டேன். கையை லீவரில் வைத்தேன். ஹாரன் பக்கம் போக விரல் துடித்தது. விடவில்லை. மெல்ல இழுத்தேன். பின்னால் நாற்பது டன் என் கையில் வந்து உட்கார்ந்ததை உணர்ந்தேன். பயம் போகவில்லை. ஆனால் இந்தத் தடவை எதைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று தெரிந்திருந்தது. இரண்டு அங்குலத்துக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கீழே வந்ததும் மிஸ்திரிதா மூக்கால் ஒரு சத்தம் போட்டார். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. மறுபடி குனிந்துகொண்டார்.

ராஷ்பிஹாரி அவென்யூ வழியாக கரியாஹாட்டை நெருங்கும்போது சார்ஜென்ட் கையைக் காட்டினார். குறுக்குச் சந்தில் கட்டிய ஒரு பந்தலின் அலங்கார வாசல் பெரிய ரோட்டுக்குள் நாலு அடி நீட்டிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் அதில் இடிக்கும். மிஸ்திரிதா இறங்கி முன்னால் போனார். அந்தத் தெருப் பையன்கள் பல் தேய்த்துக்கொண்டே வந்து சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணே, நாலு நாள் வேலை! அவிழ்க்க முடியாது" என்று ஒருவன் கத்துவது எனக்குக் கேட்டது. மிஸ்திரிதா திரும்பி வண்டியைக் காட்டி, "அது மேல என்ன வருதுன்னு நெனச்சே? உன் பந்தலுக்கு லைட்டுடா, லைட்டு!" என்றார். அடுத்த நிமிஷம் பையன்களே மூங்கில் மேல் ஏறிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். ஒருவன் சங்கு ஊதினான்.

சார்ஜென்ட், மெதுவாக முன்னால் வா என்று சைகை செய்தார். தனியாக நகர்த்தினேன். அங்கே ரோடு லேசாகச் சாய்ந்து வளைகிறது. கார்ப்பரேஷன் ஆட்கள் அப்போதுதான் குழாய் போட்டுக் கங்கைத் தண்ணீரால் ரோட்டைக் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். டிராம் தண்டவாளம் நனைந்து பளபளத்தது. வளைவில் பாதி வந்திருப்பேன், இரண்டு பக்கமும் கேன் தொங்க ஒரு பால்காரர் சைக்கிளில் இடது சந்திலிருந்து நேராக என் முன்சக்கரத்துக்கு எதிரே வந்துவிட்டார்.

நான் எதையும் யோசிக்கவில்லை. கை லீவரில் இருந்தது. இழுத்தது. வால் இறுகியது. அதற்கப்புறம் கால் மிதித்தது. வண்டி நேராக, ஒரு அங்குலம்கூட வீசாமல், முனகிக்கொண்டு நின்றது. பால்காரர் என்னை வங்காளத்தில் இரண்டு தலைமுறைக்குத் திட்டிவிட்டு, கேனைச் சரிசெய்துகொண்டு போனார். எனக்கு அவரைக் கூப்பிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

யாரும் பார்க்கவில்லை. சார்ஜென்ட் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூலியாட்கள் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் இருந்தார்கள். மிஸ்திரிதா முதுகைக் காட்டிக்கொண்டு மூங்கிலைத் தூக்கிக்கொண்டிருந்தார். பிரேக்கில் காற்று சீறுகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்து கேபினில் ஏறினார். முகம் வெளுத்திருந்தது.

"ஏன் நிறுத்தினே?"

"ஒரு பால்காரன் குறுக்க வந்துட்டான்."

"முதல்ல எதைப் பிடிச்சே?"

"லீவரை. அப்புறம்தான் கால்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இறங்கிப் போய்ச் சக்கரம் நின்ற தடத்தைப் பார்ப்பார், கூலியாட்களைக் கூப்பிட்டுக் கேட்பார் என்று நினைத்தேன். பார்க்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் என் முகத்தை மட்டும் பார்த்தார். நாலு மாதத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"சரி, எடு" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். பாலிகஞ்ச் போய்ச் சேரும் வரை முன்கண்ணாடி வழியாக ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். என் காலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.